ஐம்பத்தெட்டு கிலோ

அம்மா குளியலறையில் விழுந்தபோது காலை ஆறே முக்கால் மணி. எலும்பு முறியவில்லை. சுவரோரம் சரிந்து, கால் நீட்டி, தண்ணீருக்குள் உட்கார்ந்திருந்தாள். மார்பு வரை ஏற்றிக் கட்டிய ஈரப்பாவாடை மட்டும்தான் உடம்பில். அக்குளில் கைகொடுத்துத் தூக்கினேன். ஒரு சாண்கூட எழவில்லை. இரண்டாம் முறை தூக்கியபோது என் முதுகில் ஏதோ பிடித்துக்கொண்டது, நானும் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்போது அம்மாவின் எடை 58 கிலோ, என் எடை 79. எழுபத்தொன்பது கிலோ இருந்தும் ஐம்பத்தெட்டை அசைக்க முடியவில்லை.

கணவர் ஊரில் இல்லை. பக்கத்து வீட்டுப் பையன்கள் இருவரைக் கூப்பிட்டேன். நல்ல பிள்ளைகள். துண்டைப் போர்த்தச் சொல்லி, முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் தூக்கினார்கள். அம்மா கண்களை இறுக மூடியிருந்தாள். அன்று இரவு வரை என்னோடு பேசவில்லை. படுக்கும்போது கேட்டாள்: "ஆம்பளப் பிள்ளையள ஏன்ளா கூப்பிட்ட?"

"வேற யாரக் கூப்பிட?"

அவள் பதில் சொல்லவில்லை. எழுபத்தாறு வயது வரை வேற்று ஆண் கை படாமல் காத்த உடம்பு அவளுடையது. அந்தக் கற்பு அரசியலோடு எனக்கு ஆயிரம் சண்டை உண்டு. ஆனால் அந்த ஈரத் தரையில் சண்டை போட்டுத் தீர்க்கிற விஷயமாக அது எனக்குத் தோன்றவில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது மகளின் கை. மகளின் கையில் வலு இல்லை.

முதுகுவலி தீர்ந்த பிறகு பாளையங்கோட்டையில் ஒரு ஜிம்முக்குப் போனேன். பயிற்சி தரும் தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். படிவத்தை எடுத்துவைத்து, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எத்தனை கிலோ குறைக்கணும் மேடம்?" என்றான்.

"குறைக்க வரல தம்பி. அம்பத்தெட்டு கிலோ தூக்கணும்."

சிரித்தான். படிவத்தில் அதற்கு இடமில்லை. பெண்களுக்கு எடைக் குறைப்பு, பிரசவத்துக்குப் பிந்தைய எடைக் குறைப்பு, கல்யாணப் பெண்ணுக்கான மூன்று மாத பேக்கேஜ். ஆண்களுக்கான பக்கத்தில் வலு என்று ஒன்று தனியாக இருந்தது. "அதுல டிக் போடுங்க" என்றேன். "அது ஜென்ட்ஸ் பேக்கேஜ் மேடம்" என்றான்.

தெளிவான நோக்கத்தோடு உடம்பைத் திருத்துங்கள் என்று எல்லோரும் நமக்குச் சொல்கிறார்கள். நோக்கமும் அவர்களே வைத்திருக்கிறார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள், பட்டுப்புடவைக்குப் பொருந்தும் ஜாக்கெட், புகைப்படக்காரர், பிள்ளை பெற்ற பிறகு கணவனின் கண் வேறெங்கும் போய்விடாமல் இருப்பது. இந்த நோக்கங்களில் ஒன்றிலாவது அவள் எதையாவது செய்ய வேண்டியிருக்கிறதா? அவள் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

நான் தமிழ் இலக்கியம் கற்பிப்பவள். இருபது ஆண்டுகளாக வகுப்பில் பெண்ணுடலுக்கு உரை சொல்லிவருகிறேன். கொடியிடை, துடியிடை, மின்னிடை. இடைக்கென்றே நுசுப்பு, மருங்குல் என்று தனிச்சொற்கள். குறளில் நலம்புனைந்துரைத்தல் என்றோர் அதிகாரம். அதில் ஒருத்தி அனிச்சப் பூவைக் காம்பு களையாமல் சூடிக்கொள்கிறாள். அந்தக் காம்பின் பாரத்தில் அவள் இடை ஒடிந்துபோகும், இனி நல்ல பறை ஒலிக்காது, சாப்பறைதான் என்கிறான் காதலன். இது பாராட்டு. பையன்கள் சிரிப்பார்கள், பெண்பிள்ளைகள் குனிந்துகொள்வார்கள். நான் உயர்வு நவிற்சி அணி என்று சொல்லிவிட்டு அடுத்த குறளுக்குப் போய்விடுவேன். எத்தனை ஆண்டுகள் அப்படிப் போயிருக்கிறேன் என்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இடையைவிட முக்கியமானது மெலிவு. அகப்பாடல்களில் தலைவி எப்போது மெலிகிறாள்? தலைவன் பிரிந்தால் மெலிகிறாள். தோள் நெகிழும், வளை கழலும், பசலை படரும். அவள் அன்புக்கு அந்த மெலிவுதான் சாட்சி. உறுப்புநலனழிதல் என்று வள்ளுவர் அதற்கும் ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார். ஆக, எங்கள் மரபில் பெண் மெலிவது ஒருவனை முன்னிட்டுத்தான். அன்று அவன் போய்விட்டதற்காக மெலிந்தாள், இன்று அவன் வர வேண்டும் என்பதற்காக மெலிகிறாள். உடற்பயிற்சிக்கூடத்தின் கல்யாண பேக்கேஜை நவீன நுகர்வுப் பண்பாடு என்று மட்டும் திட்டிவிட்டுப் போக என்னால் முடியாதது இதனால்தான். அதற்கு ஈராயிரம் ஆண்டு உரையாசிரியர்கள் இருக்கிறார்கள், நானும் அவர்களில் ஒருத்தி.

இதே இலக்கியத்தில் உலக்கை பிடித்த பெண்களும் உண்டு. வள்ளைப்பாட்டு அவர்களுடையது. நெல் குற்றுகிறவளின் தோள் எப்படி இருந்திருக்கும்? பணைத்தோள், வேய்த்தோள் என்றெல்லாம் மூங்கிலின் திரட்சியையும் வழவழப்பையும் பாடியிருக்கிறார்கள். அந்தத் தோள் எவ்வளவு தூக்கும் என்று கேட்டவர்கள் குறைவு.

எங்கள் தென்மாவட்டங்களில் இளவட்டக்கல் என்றொன்று உண்டு. உருண்டையாக, வழவழவென்று, பிடிக்க இடமே இல்லாத கல். அதைத் தூக்கித் தோளில் ஏற்றிப் பின்னால் போடுகிறவனுக்குத்தான் பெண் என்பார்கள் பழைய ஆட்கள். மாப்பிள்ளை கல்லைத் தூக்கிக் காட்ட வேண்டும், பெண் தன்னைக் குறைத்துக் காட்ட வேண்டும். ஒரே கல்யாணத்துக்கு இரண்டு தேர்வு. நெல்லை மாவட்டம் வடலிவிளையில் இப்போதும் பொங்கலுக்கு இளவட்டக்கல் போட்டி வைக்கிறார்கள். அங்கே பெண்களும் தூக்குகிறார்கள். எந்தப் பெண்ணும் அதில் ஜெயித்து மாப்பிள்ளை பார்த்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

தோழிகள் சிலருக்கு நான் ஜிம்முக்குப் போவது பிடிக்கவில்லை. "நீயுமா? உடம்பை இளைக்க வைக்கிற வியாபாரத்துல நீயும் போய் விழுந்துட்டியா?" என்றாள் ஒருத்தி. அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நம்மைக் கேலி செய்தே வளர்ந்த வியாபாரம் அது. பவுடர், கஷாயம், இடுப்புப்பட்டை, இப்போது ஊசியும் வந்துவிட்டது. அந்த வியாபாரத்துக்கு எதிராக, உன் உடம்பை உள்ளபடி நேசி என்று சொல்லக் கற்றோம். அது தேவையாக இருந்தது. ஆனால் அதோடு நின்றுவிட்டோம். இது நம் தவறு என்று நினைக்கிறேன். அதனால்தான் இந்தக் கட்டுரை.

2002இல் குட்டி ரேவதியின் 'முலைகள்' வந்தபோது எழுந்த கூச்சலைக் கேட்டுக்கொண்டே கவிதை எழுத வந்தவள் நான். சல்மாவும் சுகிர்தராணியும் மாலதி மைத்ரியும் வசை வாங்கித் திறந்துவைத்த கதவு அது. அதன் வழியாக வந்த என் மூன்று தொகுப்புகளிலும் முலை உண்டு, யோனி உண்டு, உதிரம் உண்டு. தொடைத்தசை இல்லை. முழங்கால் இல்லை. மூன்றாவது மாடி வகுப்புக்கு ஏறிப் போய், வாய் திறக்க முடியாமல், வருகைப்பதிவேட்டைப் புரட்டுகிற பாவனையில் மூச்சு வாங்குவது எந்தக் கவிதையிலும் இல்லை. என் கவிதைகளில் உடல் பறிபோனது, மீட்கப்பட்டது, இச்சித்தது. எதையும் தூக்கவில்லை. என் உடம்பை நான் நேசிக்காமல் இல்லை. நேசித்த உடம்பால் அம்மாவைத் தூக்க முடியவில்லை.

இன்னொரு தோழி வேறு விதமாகக் கேட்டாள்: "தூக்குற வேலையையும் பொம்பளை தலையிலயே கட்டுறியா? உங்க அண்ணன் எங்கே?" அண்ணன் பெங்களூரில். மாதாமாதம் பணம் அனுப்புகிறான், ஆள் போட்டுக்கொள் என்கிறான். ஆள் என்றால் யார்? கூலிக்கு வந்து முதியவர்களைத் தூக்கிக் குளிப்பாட்டும் பெண்தான். அவளே நாற்பத்தைந்து கிலோ இருப்பாள். காலையில் எங்கள் தெருவில் ஒரு வீடு, மாலையில் வேறொரு வீடு. அவள் முதுகைப் பற்றி எந்த வீட்டிலும் கேட்டதில்லை. நம் சமூகத்தில் தூக்கும் வேலை என்றைக்குமே பெண்ணிடம்தான் இருந்திருக்கிறது. குடம், விறகு, பிள்ளை, சித்தாள் தலையில் செங்கல், படுத்த படுக்கையான மாமனார். தூக்கச் சொன்னார்கள், தூக்குவதற்கான உடம்பை மட்டும் கட்டவிடவில்லை. அண்ணன் வர வேண்டும் என்ற சண்டையை நான் விடவில்லை. அவன் வரும்வரை அம்மாவைத் தரையில் உட்கார வைத்திருக்க முடியாது.

மருத்துவர்கள் பற்றியும் சொல்ல வேண்டும். முழங்கால்வலிக்குப் போனேன், எடையைக் குறைக்கச் சொன்னார்கள். தலைவலிக்குப் போனேன், அதற்கும் அதையே சொன்னார்கள். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் உடல் நிறைக் குறியீட்டை ஒருவர் என் முன்னால் வட்டமிட்டுக் காட்டினார். இந்த வாய்ப்பாட்டின் மூலத்தை உருவாக்கியவர் மருத்துவர் அல்லர். பெல்ஜியத்தைச் சேர்ந்த வானியலாளரும் புள்ளியியலாளருமான அடால்ஃப் கெத்தலே, 1830களில், 'சராசரி மனிதன்' யார் என்று தேடியபோது கண்டது. 1972இல் ஆன்சல் கீஸ் குழு அதைச் சோதித்து இன்றைய பெயரைச் சூட்டியது. ஐந்து நாடுகளில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அளந்தார்கள், அத்தனை பேரும் ஆண்கள். இதனால் அந்த எண் வெறும் பொய் என்று நான் சொல்லவில்லை. கூட்டத்தைப் பற்றி அது ஏதோ சொல்லும். எனக்குள் எவ்வளவு தசை, எவ்வளவு கொழுப்பு, நான் தரையிலிருந்து கையூன்றாமல் எழுவேனா என்பதை அது சொல்லாது. அதை யாரும் கேட்கவும் இல்லை.

2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் எடை மிகுந்தவர்கள். அதே ஆய்வில், அதே வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. இந்த இரண்டு எண்களையும் ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள். வயிறு நிறைந்திருக்கிறது, இரத்தம் இல்லை. கடைசியில் உட்கார்ந்து, மிஞ்சிய சோற்றில் ரசத்தை ஊற்றி முடித்துக்கொள்கிறவளின் உடம்பு அது. எங்கள் வீட்டில் முட்டைக்குக் கணக்கு இருந்தது: கணவருக்கு ஒன்று, மகனுக்கு இரண்டு, எனக்கு அவிக்கும்போது வெடித்தது. யாரும் விதித்த சட்டமில்லை. நானே பரிமாறி நானே போட்ட கணக்கு. முனைவர் பட்டம் வாங்கிய பிறகும் போட்டேன்.

இவளிடம்தான் தினமும் அரைமணி நேரம் உங்களுக்காக ஒதுக்குங்கள் என்கிறார்கள். 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வில், வீட்டுவேலை செய்யும் இந்தியப் பெண் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிடுகிறாள், ஆண் 97 நிமிடம். ஆக அந்த அரைமணி எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். அதிகாலை ஐந்தரைக்கு நான் செருப்பு மாட்டியபோது வீட்டில் எழுந்த முதல் கேள்வி இட்லிக்கு என்ன சட்னி என்பதுதான். முதல் இரண்டு வாரம் சட்னி அரைத்துவைத்துவிட்டுப் போனேன். மூன்றாம் வாரம் அரைக்கவில்லை. ஒருவரும் பட்டினி கிடக்கவில்லை.

உடனே சிலர் வாட்ஸப் ஞானத்தோடு வருவார்கள். அந்தக் காலப் பெண்கள் அம்மியில் அரைத்தார்கள், ஆட்டுரலில் ஆட்டினார்கள், கிணற்றில் இறைத்தார்கள், அவர்களுக்கெல்லாம் ஜிம் எதற்கு? எங்கள் ஆச்சி இதெல்லாம் செய்தவள். ஐம்பது வயதில் முழங்கால் வளைந்து, அடியிறங்கி, அதை யாரிடமும் சொல்லாமல் துணி வைத்துக் கட்டிக்கொண்டு பதினைந்து வருடம் நடந்தாள். வேலை உடம்பைத் தேய்க்கும், பயிற்சி உடம்பைக் கட்டும். பயிற்சியில் பாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், நடுவில் ஓய்வுநாள் உண்டு, அதற்கேற்ற சாப்பாடு உண்டு, வலித்தால் நிறுத்தலாம். ஆச்சிக்கு இந்த நான்கில் ஒன்றாவது கிடைத்ததா?

நான் என்ன செய்தேன் என்று மாணவிகள் கேட்கிறார்கள், சொல்கிறேன். முதல் மாதம் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது மட்டும். கையூன்றாமல் பத்து முறை. ஆறாவதிலேயே தொடை நடுங்கியது. பிறகு ஐந்து கிலோ அரிசிப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அதையே செய்தேன். வாரத்துக்கு மூன்று நாள்தான் ஜிம், மற்ற நாட்களில் நடை. தரையில் கிடப்பதைத் தூக்கும்போது முதுகு வளையக்கூடாது, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, பாரத்தைக் காலோடு ஒட்டி எடுக்க வேண்டும். இதை நாற்பத்தைந்தாவது வயதில் கற்றேன். பிறந்ததிலிருந்து குனிந்து தூக்குகிறோம், ஒருவரும் சொல்லித்தரவில்லை. ஜிம்மில் வெறும் கம்பி 20 கிலோ. அதைத் தூக்கிய அன்று என்னை நானே போட்டோ எடுத்துக்கொண்டேன். எட்டு மாதம் கழித்து 60 கிலோ தரையைவிட்டு எழுந்தது. தம்பி கை தட்டினான். அவன் படிவத்தில் இன்னும் அந்தக் கட்டம் வரவில்லை.

ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண் பெரிய விஷயம் சொல்லித்தந்தார். விழுந்தவரை அக்குளில் கைவிட்டு இழுக்கவே கூடாது. முதலில் அடிபட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு ஒருக்களிக்க வைத்து, முட்டி போட வைத்து, முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டு அதில் கையூன்றச் சொல்லி, பின்னால் இன்னொரு நாற்காலியைத் தள்ளி, இடுப்பைப் பிடித்து உட்கார வைக்க வேண்டும். பாதிப் பாரத்தை அவரே தாங்கிக்கொள்வார், மீதிக்குத்தான் நம் வலு.

என் எடை 79இலிருந்து 72க்கு வந்தது. கேட்பீர்கள் என்பதால் சொல்கிறேன். கல்லூரியில் எல்லோரும் கேட்டார்கள்: "மேடம், இளைச்சுட்டீங்க, என்ன டயட்?" எவ்வளவு தூக்குகிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. இதைச் சொல்லும் நான் அந்தப் பாராட்டில் மகிழ்ந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு வாரம் பழைய ஜாக்கெட்டுகளை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். கண்ணாடி அவ்வளவு எளிதில் விடுகிறதில்லை.

என் மாணவி ஒருத்தி இரண்டாம்நிலைக் காவலர் தேர்வுக்குப் பயிற்சி எடுத்தாள். பெண்கள் 400 மீட்டரை இரண்டு நிமிடம் முப்பது நொடிக்குள் ஓட வேண்டும். தொடங்கியபோது அவளுக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் ஆனது. விடியுமுன் குளத்தங்கரைப் பாதையில் ஓடுவாள், தம்பி சைக்கிளில் பின்னாலேயே வருவான். வெயில் ஏறினால் கறுத்துப்போவாய் என்று அம்மா கூப்பிட்டுவிடுவார். ஆனாலும் வீட்டில் விட்டார்கள். அரசு வேலை, சீருடை, சம்பளம். 1973இல் தமிழ்நாட்டில் பெண்களைக் காவல்துறையில் எடுக்கத் தொடங்கியது எத்தனை கிராமத்துப் பெண்களுக்கு ஓடுவதற்கான அனுமதிச்சீட்டாக ஆகியிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். நான்கு மாதத்தில் இரண்டு நிமிடம் இருபது நொடிக்கு வந்துவிட்டாள். எழுத்துத் தேர்வில் மதிப்பெண் போதவில்லை.

அதோடு ஓட்டம் நின்றது. "இனிமே எதுக்கு ஓடணும்?" என்றாராம் அப்பா. வீட்டில் இருந்து நான்கு மாதத்தில் உடம்பு வைத்தது. வரன் பார்க்கத் தொடங்கினார்கள். இப்போது அவளுக்கு இரவுச் சாப்பாடு கிடையாது, வெந்நீரும் கொள்ளுக் கஷாயமும்தான். சென்ற மாதம் சான்றிதழ் வாங்க வந்தவள் படியேறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். 400 மீட்டர் ஓடிய பெண். ஓடாதே என்கிறவர்களும் சாப்பிடாதே என்கிறவர்களும் ஒரே ஆட்கள்தான், சொல்வதும் ஒரே உடம்பிடம்தான். வேலைக்காக ஓடலாம், மாப்பிள்ளைக்காகப் பட்டினி கிடக்கலாம். ஓடப் பிடித்திருக்கிறது என்பதற்காக ஓட அவளுக்கு ஒரு ஊர் இல்லை. நான் அவள் அப்பாவிடம் போய்ப் பேசினேன். காபி கொடுத்து அனுப்பிவிட்டார்.

நோக்கம் சொந்தமாக இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் நம்பவில்லை. வினேஷ் போகத்துக்கு அதைவிடத் தெளிவான நோக்கம் இருந்திருக்க முடியுமா? 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 கிலோ பிரிவில் ஒரே நாளில் மூன்று பேரை வென்று இறுதிக்குப் போனவர். இரவெல்லாம் தூங்காமல் உடற்பயிற்சி செய்து, முடியைக்கூட வெட்டி, காலையில் தராசில் ஏறினார். 100 கிராம் அதிகம் என்று வெளியே அனுப்பினார்கள். விதி விதிதான். ஆனால் அந்த இரவில் அவர் உடம்பைப் பிழிந்து எடுத்தது தண்ணீரை. வலுவைக் கூட்டும் வேலை ஒன்று, தராசுக்கு உடம்பைக் காட்டும் வேலை வேறொன்று. விளையாட்டுக்காரர்களுக்கே இரண்டும் குழம்பும்போது, கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருக்கும் இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு யார் பிரித்துச் சொல்வது?

என் வகுப்பில் இப்போது நலம்புனைந்துரைத்தல் நடத்தும்போது ஒரு தகவலும் சேர்த்துச் சொல்கிறேன். ஒலிம்பிக்கில் பெண்களுக்குப் பளுதூக்குதல் முதன்முதலாக வந்தது 2000இல், சிட்னியில். அதில் கர்ணம் மல்லேஸ்வரி 110 கிலோவும் 130 கிலோவுமாக மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கினார். ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண். அவர் போட்டியிட்டது 69 கிலோ பிரிவில். "அவங்களுக்கு அனிச்சக் காம்பு எத்தனை கிலோ மேடம்?" என்று பின்பெஞ்சிலிருந்து ஒருத்தி கேட்டாள். வகுப்பே சிரித்தது, இந்த முறை பெண்பிள்ளைகள் குனியவில்லை.

அம்மா இந்த மார்ச்சில் மறுபடியும் விழுந்தாள். இந்த முறை அடுக்களையில். கீழே போய் முட்டி போட்டேன். எங்கே வலிக்கிறது என்று கேட்டேன், இடுப்பையும் மணிக்கட்டையும் தொட்டுப் பார்த்தேன். ஒருக்களிக்க வைத்தேன். முன்னால் ஒரு நாற்காலி, பின்னால் ஒன்று. "என்னப் பிடிச்சுக்கோம்மா" என்றேன். ஒரு மூச்சில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். சற்று நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு வாசல் பக்கம் பார்த்துவிட்டு, தணிந்த குரலில் சொன்னாள்:

"சேல விலகிருக்கா பாருளா."

சரிசெய்துவிட்டேன். காபி கேட்டாள்.